கெர்னல் விழும் கணத்தில் செயலியின் நிலை எப்படிக் காக்கப்படுகிறது?

2024 ஜூலை 19 அன்று விமான நிலையங்கள், மருத்துவமனைகள், வங்கிகள் எனப் பல இடங்களில் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையுடன் நின்றுபோயின. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட ஒரு தரவுக் கோப்புதான் காரணம் என்பது சில மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. பாதிக்கப்பட்ட கணினிகள் ஏறத்தாழ 85 லட்சம் என மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. ஆனால் ஒரு தரவுக் கோப்பு இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலையே எப்படி வீழ்த்தியது என்பதில் பெருங்குழப்பம் நிலவியது. சுட்டி, அதாவது நினைவக முகவரி ஒன்றை வைத்திருக்கும் மாறி, பூஜ்யமா என்று சோதிக்காமலே அதன்வழியே நினைவகத்தைப் படித்துவிட்டார்கள் என்ற விளக்கம் சமூக ஊடகங்களில் வேகமாகப் பரவியது.

அந்த விளக்கம் பொருந்தாது என்பதை உறுதிசெய்தவை, விழுந்த கணினிகளின் டம்ப் கோப்புகளில் (விழும் கணத்தில் எடுக்கப்படும் நினைவகப் படிகள்) இருந்த ஒருசில எண்கள். மைக்ரோசாஃப்ட் ஜூலை 27 அன்று வெளியிட்ட பகுப்பாய்வின்படி, பிழை நேர்ந்த கட்டளை, செயலிக்குள் ஒரு மதிப்பை வைக்கும் சிறு சேமிப்பிடமான ஆர்8 என்ற பதிவேட்டில் இருந்த முகவரியிலிருந்து படிக்க முயன்ற கட்டளை. அதற்குச் சற்று முன்னாலேயே ஆர்8 பூஜ்யமா என்று சோதிக்கும் கட்டளை இருக்கிறது. பூஜ்யமாக இருந்திருந்தால் நிரல் அந்த இடத்துக்கு வந்தே இருக்காது. அப்போது ஆர்8இல் இருந்தது, பதினறும முறையில் 840500000074 என்று முடியும் ஒரு பெரிய எண். நினைவகத்தின் எந்தப் பக்கத்தோடும் இணைக்கப்படாத முகவரி. அந்த எண்ணை ஓர் அட்டவணையிலிருந்து எடுத்துத் தந்தது முந்தைய ஒரு கட்டளை. அட்டவணையின் எந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பதைச் சொன்ன பதிவேட்டில் 20 இருந்தது. இடங்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுவதால் அது 21ஆவது இடம். கிரவுட்ஸ்ட்ரைக் ஆகஸ்ட் 6 அன்று வெளியிட்ட மூலகாரண அறிக்கையும் அதையே சொன்னது: 21 புலங்கள் வரையறுக்கப்பட்டிருந்த இடத்தில் 20 மதிப்புகளே தரப்பட்டிருந்தன.

இரண்டு பதிவேடுகள், ஆகமொத்தம் 16 பைட், இந்த வழக்கைத் தீர்த்துவைத்தன. கெர்னல் விழுந்து, கணினி மறுபடி தொடங்கி, நினைவகம் முழுவதும் துடைக்கப்பட்ட பிறகும் அந்த 16 பைட் எப்படிப் பிழைத்திருந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். முதன்மை எடுத்துக்காட்டாக லினக்ஸை எடுத்துக்கொள்கிறேன். அதன் மூலநிரல் திறந்திருப்பதால் ஒவ்வொரு படியையும் நேரில் பார்க்க முடிகிறது.

செயலியின் நிலை என்பதில் அடங்குபவை

செயலி ஒரு கணத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நினைவகத்தை மட்டும் பார்த்து அறிய முடியாது. நினைவகத்தில் இருப்பவை நிரலும் தரவும். அவற்றுள் எந்தக் கட்டளை இப்போது நடக்கிறது, எந்த மதிப்பை வைத்து நடக்கிறது என்பது செயலிக்குள்ளே இருக்கும் பதிவேடுகளில்தான் உள்ளது. இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் 64 பிட் செயலிகளில் அவற்றை இப்படிப் பிரிக்கலாம்:

1. பொதுப் பதிவேடுகள், 16. கணக்கீட்டு மதிப்புகளும் முகவரிகளும் இவற்றில் தங்குகின்றன. இவற்றுள் ஒன்று அடுக்குச் சுட்டி. ஸ்டாக் எனப்படும் அடுக்கின் நுனி நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்பதை அது வைத்திருக்கும்.

2. கட்டளைச் சுட்டியும் கொடிப் பதிவேடும். முன்னது நடக்கும் கட்டளையின் முகவரி. பின்னது கடைசி ஒப்பீட்டின் விளைவு, குறுக்கீடுகள் (நடக்கும் வேலையை இடைநிறுத்தும் சமிக்ஞைகள்) தடுக்கப்பட்டுள்ளனவா என்பன போன்றவற்றைச் சொல்லும்.

3. கட்டுப்பாட்டுப் பதிவேடுகள். பக்கப் பிழை நேர்ந்தால், எந்த முகவரியைத் தொட முயன்றபோது நேர்ந்தது என்பதை சிஆர்2 வைத்திருக்கும். நிரலின் முகவரிகளை உண்மையான நினைவக இடங்களோடு இணைக்கும் பக்க அட்டவணை எங்கே உள்ளது என்பதை சிஆர்3 வைத்திருக்கும்.

4. மிதவைப்புள்ளி, வெக்டர் பதிவேடுகளும், அந்தந்தச் செயலி வகைக்கே உரிய பிற பதிவேடுகளும்.

முதல் இரண்டு வகை கிடைத்துவிட்டால் விசாரணை பெரும்பாலும் கரைசேர்ந்துவிடும். கட்டளைச் சுட்டி விழுந்த இடத்தைக் காட்டுகிறது. அடுக்குச் சுட்டியைப் பிடித்துக்கொண்டு நினைவகத்தில் உள்ள அடுக்கைப் படித்துச் சென்றால், எந்தச் செயற்கூறு எதை அழைத்து, அது எதை அழைத்து, கடைசியில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது என்ற சங்கிலி முழுவதும் வெளிப்படும்.

சிக்கல் என்னவென்றால், பதிவேடுகள் கணத்துக்குக் கணம் மாறுபவை. விநாடிக்குக் கோடிக்கணக்கான கட்டளைகளை நடத்தும் செயலியில் ஒரு பதிவேட்டின் மதிப்பு ஒருசில கட்டளைகளுக்கு மேல் நிலைத்திருப்பதே அரிது. அவற்றைச் சேமிக்கும் நிரலும் அதே பதிவேடுகளைக் கொண்டுதான் ஓட வேண்டும். எனவே காப்பாற்றத் தொடங்கும் செயலே காப்பாற்ற வேண்டியதை அழித்துவிடலாம். இந்தத் துறையின் வடிவமைப்புகள் எல்லாவற்றிலும் ஒரே கொள்கை ஓடுவதற்குக் காரணம் இதுதான்: பதிவேடுகளை முதலில் எடு, மற்ற வேலைகளைப் பிறகு பார்.

முதல் 168 பைட்

இந்தக் கொள்கையின் முதல் படியை வன்பொருளே நிறைவேற்றுகிறது. தவறான முகவரியைத் தொட்டதும், கெர்னலின் எந்த நிரலும் ஓடுவதற்கு முன்பே, செயலி ஐந்து மதிப்புகளை அடுக்கில் தானாக எழுதிவிடுகிறது: அடுக்குப் பகுதிப் பதிவேடு, அடுக்குச் சுட்டி, கொடிகள், நிரல் பகுதிப் பதிவேடு, கட்டளைச் சுட்டி. சில பிழை வகைகளில் ஒரு பிழைக் குறியெண்ணும் உடன் சேரும். சேராத வகைகளில் அதன் இடத்தை மென்பொருள் நிரப்பிக்கொள்ளும். அடுத்து, அசெம்பிளியில் எழுதப்பட்ட கெர்னலின் நுழைவு நிரல் எஞ்சிய 15 பொதுப் பதிவேடுகளை அதே அடுக்கில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுகிறது. மொத்தம் 21 இடங்கள், இடத்துக்கு 8 பைட், ஆக 168 பைட். இதன் பிறகு சி மொழியில் எழுதப்பட்ட நிரல் எந்தப் பதிவேட்டை எப்படிப் பயன்படுத்தினாலும் கவலையில்லை; பிழை நேர்ந்த கணத்தின் படம் அடுக்கில் பத்திரமாக இருக்கிறது.

அடுக்கே கெட்டுப்போயிருந்தால்? எல்லையில்லாமல் தன்னையே அழைத்துக்கொண்ட ஒரு செயற்கூறு அடுக்கை நிரப்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுக்குச் சுட்டி இப்போது காவல் பக்கம் ஒன்றைக் காட்டுகிறது. அங்கே எதையும் எழுத முடியாது. பிழை நேர்ந்ததும் செயலி தன் ஐந்து மதிப்புகளை அங்கே எழுத முயல்கிறது, அந்த முயற்சியிலும் பிழை நேர்கிறது. இதற்கு இரட்டைப் பிழை என்று பெயர். அதைக் கையாளும் வழியிலும் பிழை நேர்ந்தால் செயலி முற்றிலும் நின்றுவிடும், கணினி மீட்டமைக்கப்படும், ஒரு பைட் சாட்சியும் மிஞ்சாது. இதைத் தடுக்கவே இரட்டைப் பிழைக்கும் வேறு சில அவசர நிலைகளுக்கும் தனித்தனி அடுக்குகள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் முகவரிகள் செயலிக்கு முன்பே சொல்லப்பட்டிருப்பதால், பழைய அடுக்குச் சுட்டியை நம்பாமல் செயலி நேராகப் புதிய அடுக்குக்குத் தாவுகிறது.

கெர்னல் எப்போதும் வன்பொருள் பிழையால்தான் விழும் என்பதில்லை. தரவுக் கட்டமைப்பில் முரண்பாடு ஒன்றைக் கண்டு, மேலே செல்வது ஆபத்து என்று கெர்னலே முடிவெடுத்து நிற்பதும் உண்டு. அப்போது வன்பொருள் எதையும் அடுக்கில் எழுதித் தராது. கெர்னல் தான் அந்தக் கணத்தில் நிற்கும் இடத்தின் பதிவேடுகளைத் தானே சில அசெம்பிளிக் கட்டளைகளால் படியெடுத்துக்கொள்கிறது. இத்தகைய டம்ப்பைப் படிப்பவர், பதிவேடுகளில் தெரிவது முடிவெடுத்த இடத்தின் நிலை என்பதையும், உண்மையான தவறு அடுக்குச் சங்கிலியில் பல படிகள் தள்ளி இருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மற்ற கோர்களை நிறுத்துதல்

இன்றைய சர்வரில் பல பத்துக் கோர்கள், அதாவது தனித்தனியே கட்டளைகளை நடத்தும் செயலி அலகுகள், இருக்கின்றன. ஒன்று விழுந்தபோது மற்றவை ஓடிக்கொண்டேயிருக்கும், நினைவகத்தை மாற்றிக்கொண்டேயிருக்கும். விழுந்தது ஒன்றாக இருந்தாலும் குற்றவாளி வேறொன்றாக இருக்கலாம். ஆகவே எல்லாக் கோர்களையும் நிறுத்தி, ஒவ்வொன்றின் பதிவேடுகளையும் எடுக்க வேண்டும்.

சாதாரணக் குறுக்கீட்டை அனுப்பி இதைச் செய்ய முடியாது. கெர்னலின் பல பகுதிகள் குறுக்கீடுகளைத் தடுத்துவிட்டுத்தான் ஓடுகின்றன. கிடைக்கவே வாய்ப்பில்லாத ஒரு பூட்டுக்காக (ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒரு கோர் மட்டுமே தொடச் செய்யும் ஏற்பாடு) குறுக்கீடுகளை அணைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும் கோர் அந்த அழைப்பைக் கேட்கவே கேட்காது. நாம் அதிகம் அறிய விரும்புவதும் அந்தக் கோரைப் பற்றித்தான். எனவே என்எம்ஐ எனப்படும் தடுக்க இயலாக் குறுக்கீடு பயன்படுகிறது. இன்டெல், ஏஎம்டி கணினிகளில் லினக்ஸ் பின்பற்றும் வரிசை இது:

1. விழுந்த கோர் தன் பதிவேடுகளின் படியைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டு, மற்றக் கோர்கள் எல்லாவற்றுக்கும் என்எம்ஐ அனுப்புகிறது.

2. என்எம்ஐ வந்த ஒவ்வொரு கோரும் தன் பதிவேடுகளைத் தனக்கென ஒதுக்கிய இடத்தில் எழுதுகிறது.

3. அந்தக் கோரில் மெய்நிகராக்க வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அது அணைக்கப்படுகிறது. இன்டெல் செயலி ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை நடத்தும் மென்பொருள்) பயன்முறையில் இருக்கும்போது, அதைப் புதிதாகத் தொடங்கச் சொல்லும் சமிக்ஞையை ஏற்காது. அணைக்காமல் விட்டால் பின்னால் வேறொரு கெர்னல் அந்தக் கோரை எழுப்ப முடியாமல் போகும்.

4. அதன்பின் அந்தக் கோர் முடிவில்லாச் சுழலில் உறைகிறது.

5. விழுந்த கோர் மற்றவற்றுக்காக அதிகபட்சம் ஒரு விநாடி காத்திருக்கிறது. அதற்குள் பதில் வராத கோர்களை விட்டுவிட்டு மேலே செல்கிறது.

இந்த ஒரு விநாடி வரம்பைப் பலர் குறையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. வன்பொருள் கெட்டு ஒரு கோர் என்எம்ஐக்கும் அசையாத நிலையில், எல்லாம் கிடைத்தால்தான் நகர்வேன் என்று நின்றால், கையில் கிடைத்த சாட்சியும் போய்விடும்.

என்எம்ஐயும் எட்டாத இடம்

தடுக்க இயலாக் குறுக்கீட்டுக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு கோர் என்எம்ஐ ஒன்றைக் கையாண்டுகொண்டிருக்கும்போது, அந்த வேலை முடியும்வரை அடுத்த என்எம்ஐயைச் செயலி நிறுத்திவைக்கும்.

உறைந்துபோன சர்வரின் டம்ப்பை எடுக்க, நிர்வாகி வெளியிலிருந்து என்எம்ஐ அனுப்பும் வழக்கம் உள்ளது. அந்தச் சமிக்ஞை எல்லாக் கோர்களுக்கும் ஒரே நேரத்தில் போகும்படி லினக்ஸில் அமைக்கவும் முடியும். அப்படி அமைத்தால் நடப்பதைப் பாருங்கள். எல்லாக் கோர்களும் என்எம்ஐ கையாளும் நிரலுக்குள் நுழைகின்றன. அங்கே, சமிக்ஞை எதற்காக வந்தது என்று பார்க்கும் பகுதி ஒரு பூட்டால் காக்கப்படுகிறது. ஒரு கோர் பூட்டைப் பெற்று, இது டம்ப்புக்கான அழைப்பு என்று அறிந்து, மற்றக் கோர்களை நிறுத்த என்எம்ஐ அனுப்புகிறது. மற்றவையோ ஏற்கெனவே என்எம்ஐக்குள் பூட்டுக்காகக் காத்துச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. புதிய என்எம்ஐ அவற்றை எட்டவே எட்டாது. ஒரு விநாடி கழிகிறது. டம்ப் எழுதப்படுகிறது; ஆனால் அதில் ஒரே ஒரு கோரின் பதிவேடுகள்தான் இருக்கின்றன.

2015 டிசம்பரில் இதற்குத் தீர்வு எழுதப்பட்டது. பூட்டுக்காகவோ வேறு காரணத்துக்காகவோ என்எம்ஐக்குள் காத்திருக்கும் கோர், சுழலின் ஒவ்வொரு சுற்றிலும் டம்ப்புக்கான அழைப்பு விடப்பட்டுவிட்டதா என்று நினைவகத்தில் ஒரு கொடியைப் பார்க்கிறது. விடப்பட்டிருந்தால், குறுக்கீடு வரும் என்று காத்திராமல் தானே சென்று தன் பதிவேடுகளை எழுதிவிட்டு உறைகிறது. சில வரிகளே கொண்ட மாற்றம் இது. ஆனால் உறைந்த சர்வர்களின் மர்மங்கள் பல இப்படிப்பட்ட சில வரிகளால்தான் அவிழ்கின்றன.

இரண்டு கோர்கள் ஒரே கணத்தில் தனித்தனியே விழுவதும் நடக்கும். அப்போது இரண்டும் டம்ப் எடுக்கப் போட்டியிட்டால் இருவரின் பதிவும் குழம்பிவிடும். எனவே பிரிக்கவொண்ணாத ஒரே செயலால், விழுந்த முதல் கோரின் எண் ஒரு மாறியில் பதிக்கப்படுகிறது. அதில் தன் எண் இல்லை என்று காணும் கோர் ஒதுங்கி நின்று, மேலே சொன்னபடி நிறுத்தப்படுவதற்குக் காத்திருக்கும்.

பதிவு எங்கே எழுதப்படுகிறது?

ஒவ்வொரு கோருக்கும் கணினி தொடங்கும்போதே ஒரு சிறு நினைவக இடம் ஒதுக்கப்படுகிறது. அதன் இயற்பியல் முகவரி முன்பே தெரிந்திருக்கும். விழும் நேரத்தில் நினைவகம் கேட்டு வாங்குவது, பட்டியல்களைத் தேடுவது எதுவும் கூடாது. அந்தப் பட்டியல்கள் கெட்டுப்போனதால்தான் கெர்னல் விழுந்திருக்கலாம்.

எழுதப்படும் வடிவம், சாதாரண நிரல்கள் விழும்போது உருவாகும் ‘கோர்’ கோப்புகளில் (இங்கே கோர் என்பது செயலியின் கோர் அல்ல, நினைவகப் படி) ஏற்கெனவே உள்ள, எல்ஃப் என்ற கோப்பு முறையின் குறிப்பு வடிவம். 64 பிட் இன்டெல், ஏஎம்டி செயலிகளில் ஒரு கோரின் நிலைப்பதிவு 336 பைட். அதில் பதிவேடுகளுக்கு உரியது 27 இடங்கள், 216 பைட். மிதவைப்புள்ளிப் பதிவேடுகளும் கட்டுப்பாட்டுப் பதிவேடுகளும் இதில் இல்லை. பக்க அட்டவணையைக் காட்டும் சிஆர்3 இல்லாமல் எப்படி முகவரிகளைப் படிப்பது என்று கேட்கலாம். அதற்கு விஎம்கோர்இன்ஃபோ என்ற இன்னொரு குறிப்பு உதவுகிறது. கெர்னலின் முதன்மைப் பக்க அட்டவணை எங்கே உள்ளது, முக்கியக் கட்டமைப்புகளின் அளவுகள் என்ன என்பவை அதில் எழுதப்படுகின்றன. ஒவ்வொரு தொடக்கத்திலும் கெர்னல் தன்னை வேறுவேறு முகவரிகளில் ஏற்றிக்கொள்ளும் பாதுகாப்பு முறை இப்போது வழக்கத்தில் இருப்பதால், எவ்வளவு தள்ளி ஏற்றப்பட்டது என்ற எண்ணும் அங்கேயே பதிகிறது. அந்த எண் இல்லாவிட்டால், கட்டளைச் சுட்டியின் மதிப்பு கையில் இருந்தும் அது எந்தச் செயற்கூற்றைக் குறிக்கிறது என்று சொல்ல முடியாது.

இரண்டாம் கெர்னல்

பதிவேடுகள் நினைவகத்துக்கு வந்துவிட்டன. இனி நினைவகத்தை வட்டுக்கோ வலையமைப்புக்கோ கொண்டுசேர்க்க வேண்டும். 2000களின் தொடக்கத்தில் லினக்ஸுக்கு இருந்த டம்ப் கருவிகள் இந்த வேலையை விழுந்த கெர்னலிடமே ஒப்படைத்தன. நோயே வட்டை இயக்கும் நிரலான வட்டு டிரைவரில் இருந்தால் அந்த டிரைவரை வைத்து எழுதுவது எப்படி? அரைகுறை டம்ப்புகளும், சில வேளைகளில் வட்டில் இருந்த நல்ல தரவுக்கே ஆபத்தும் இதன் விளைவு.

2005இல் வந்த லினக்ஸ் 2.6.13 பதிப்பில் சேர்ந்த கேடம்ப் இதற்கு வேறொரு பாதையை எடுத்தது. அதன் அடிப்படை, கணினியைத் தொடக்கிவைக்கும் உள்ளமைந்த மென்பொருளான ஃபர்ம்வேரைத் தொடாமல் ஒரு கெர்னலிலிருந்து இன்னொரு கெர்னலுக்கு நேராகத் தாவும் கெக்ஸெக் வசதி. கணினி தொடங்கும்போதே நினைவகத்தில் ஒரு பகுதி, பெரும்பாலும் சில நூறு மெகாபைட், ஒதுக்கப்பட்டு, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்று தயாராக ஏற்றிவைக்கப்படுகிறது. முதல் கெர்னல் விழுந்ததும், பதிவேடுகள் எழுதப்பட்ட பின், செயலி இரண்டாம் கெர்னலுக்குத் தாவுகிறது. மின்சாரம் நிற்கவில்லை, ஃபர்ம்வேர் ஓடவில்லை. ஆகவே பழைய நினைவகம் அப்படியே இருக்கிறது.

இந்த ஒதுக்கீடு ஏன் முன்கூட்டியே நடக்க வேண்டும் என்பதற்கு, இடம் கிடைக்குமா என்பதைவிட ஆழமான காரணம் உண்டு. வலையமைப்பு அட்டை, வட்டுக் கட்டுப்படுத்தி போன்ற சாதனங்கள் செயலியைக் கேட்காமலே நினைவகத்தில் நேரடியாக எழுதுபவை. கெர்னல் விழுந்தது அவற்றுக்குத் தெரியாது. முன்பு தரப்பட்ட முகவரிகளில் அவை எழுதிக்கொண்டேயிருக்கும். இரண்டாம் கெர்னல் வாழும் பகுதி எந்தச் சாதனத்துக்கும் ஒருபோதும் தரப்படாதது என்பதால்தான் அது பாதுகாப்பாக ஓட முடிகிறது. இருந்தும் நம்பிக்கையை மட்டும் வைத்து அது தொடங்குவதில்லை. இரண்டு கெர்னல்களுக்கும் நடுவே ஓடும் ஒரு சிறு நிரல், இரண்டாம் கெர்னலின் உடலை எஸ்எச்ஏ-256 முறையில் கணக்கிட்டு, ஏற்றியபோது குறித்துவைத்த மதிப்போடு ஒப்பிடுகிறது. விழுந்த கெர்னல் தன் கடைசி நொடிகளில் தாறுமாறாக எழுதி அந்த உடலைக் கெடுத்திருந்தால், வட்டைத் தொடாமல் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாம் கெர்னல் எழுந்ததும், பழைய நினைவகம் முழுவதையும் விஎம்கோர் என்ற ஒரே கோப்பாகக் காட்டுகிறது. எல்லாக் கோர்களின் நிலைப்பதிவுகளும் ஒன்றுசேர்க்கப்பட்டு அதன் தலைப்பகுதியில் இருக்கும். டெராபைட் அளவு நினைவகம் உள்ள சர்வரில் அதை முழுதாக எழுத இயலாது. ஆகவே மேக்டம்ப்ஃபைல் என்ற கருவி, வெற்றுப் பக்கங்கள், கோப்புத் தற்காலிகப் பக்கங்கள், பயனர் நிரல்களின் பக்கங்கள், பயன்படாத பக்கங்கள் ஆகியவற்றை விட்டுவிட்டு, எஞ்சியதைச் சுருக்கி எழுதுகிறது.

வரிசை மாறினால் நேர்வது

கெர்னல் விழும்போது தமக்குத் தகவல் வர வேண்டும் என்று பதிவுசெய்துகொள்ளும் பகுதிகள் பல உண்டு. பல கணினிகளை ஒன்றாக இயக்கும் கிளஸ்டர் மென்பொருள், இந்தக் கணு (கணினி) செத்துவிட்டது என்று மற்றக் கணுக்களுக்குச் சொல்ல விரும்பும். ஹைப்பர்வைசர் தன் விருந்தினர், அதாவது தான் நடத்தும் மெய்நிகர் கணினி, விழுந்ததை அறிய விரும்பும். இயல்பாக லினக்ஸ் இவற்றை ஓடவிடாமல் நேராக டம்ப்புக்குப் போகிறது. முதலில் இவற்றை ஓடவிட்டுப் பிறகு டம்ப் எடுக்கச் சொல்லும் விருப்பத்தேர்வும் இருக்கிறது.

அந்த விருப்பத்தேர்வில் நெடுநாள் ஒரு குறை இருந்தது. அறிவிப்புகளை ஓட்டுவதற்கு முன் மற்றக் கோர்கள் நிறுத்தப்பட்டன. ஆனால் சாதாரணமாகக் கணினியை அணைக்கும்போது நிறுத்தும் அதே வழியில் நிறுத்தப்பட்டன. அந்த வழி பதிவேடுகளைச் சேமிக்காது, மெய்நிகராக்கத்தை அணைக்காது. பிறகு டம்ப் எடுக்கும் பகுதி, மற்றக் கோர்கள் இன்னும் ஓடுகின்றன என்ற எண்ணத்தில் என்எம்ஐ அனுப்பிக் காத்திருக்கும். அவையோ எப்போதோ உறைந்துவிட்டன. நினைவகம் முழுவதும் கிடைத்தும், எந்தக் கோர் எங்கே நின்றது என்பது கிடைக்கவில்லை. 2016இல் அந்த இடத்தில் பதிவேடுகளையும் சேமித்து நிறுத்தும் செயற்கூறு மாற்றிவைக்கப்பட்டது.

இழப்பின் அளவை உணர ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். கோர் 3 ஒரு பூட்டை வைத்துக்கொண்டு, கோர் 7 வைத்திருக்கும் பூட்டுக்காகக் காத்திருக்கிறது. கோர் 7 அதற்கு நேர்மாறாகக் காத்திருக்கிறது. கண்காணிப்பு நேரம் கடந்து கெர்னல் விழுகிறது. இரு கோர்களின் பதிவேடுகளும் இருந்தால், கட்டளைச் சுட்டி இரண்டிலும் பூட்டுக்காகச் சுற்றும் செயற்கூற்றைக் காட்டும். எந்தப் பூட்டின் முகவரிக்காகச் சுற்றுகிறது என்பது இன்னொரு பதிவேட்டிலோ அடுக்கிலோ இருக்கும். இரண்டு முகவரிகளையும் அருகருகே வைத்தால் வழக்கு முடிந்தது. பதிவேடுகள் இல்லாவிட்டால், ஒவ்வொரு கோரின் அடுக்கிலும் முகவரிபோலத் தோன்றும் எண்களைத் தேடி, எது நடப்பு எது பழைய எச்சம் என்று ஊகிக்க வேண்டிவரும்.

பிற கட்டமைப்புகள் எடுத்த வழிகள்

விண்டோஸ் இரண்டாம் கெர்னலைப் பயன்படுத்துவதில்லை. விழும் கணத்தில் பதிவேடுகளைப் படியெடுத்து, மற்றக் கோர்களை உறையவைத்த பின், தொடக்கத்திலேயே தனியாகப் படியெடுத்து ஏற்றிவைத்திருந்த வட்டு டிரைவரின் மூலம் பக்கக் கோப்புக்குள் (நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் கோப்பு) நினைவகத்தை எழுதுகிறது. அடுத்த தொடக்கத்தில் அங்கிருந்து டம்ப் கோப்பு பிரித்தெடுக்கப்படுகிறது.

ஆர்ம் 64 பிட் கட்டமைப்பில் கேடம்ப் 2017இல் லினக்ஸ் 4.12 பதிப்பில் வந்தது. அங்கே கோர்களை நிறுத்தும் அழைப்பு நெடுங்காலம் சாதாரணக் குறுக்கீடாகவே இருந்தது. குறுக்கீடுகளை அணைத்துவிட்டு மாட்டிக்கொண்ட கோர் அதற்குச் செவிசாய்க்கவில்லை. குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியின் முன்னுரிமை நிலைகளைக் கொண்டு என்எம்ஐ போன்ற ஒன்றை உருவாக்கும் முறை பின்னாளில் சேர்ந்தது.

ஐபிஎம்மின் பவர் சர்வர்களில் 2012 முதல் ஃபர்ம்வேர் உதவியுடனான டம்ப் முறை லினக்ஸில் உள்ளது. கெர்னல் விழுந்ததும் ஃபர்ம்வேரே கோர்களின் பதிவேடுகளைச் சேமித்து, நினைவகத்தைக் காத்துக்கொண்டு, கணினியை முறைப்படி மறுதொடக்கம் செய்கிறது. சாதனங்கள் முழுமையாக மீட்டமைக்கப்படுவதால், இரண்டாம் கெர்னல் எதிர்கொள்ளும் டிரைவர் தொல்லைகள் இங்கே இல்லை. ஐபிஎம் மெயின்ஃபிரேம்களிலோ ஒரு செயலி இன்னொன்றிடம் நின்று உன் நிலையை எழுது என்று சொல்வதே வன்பொருளின் ஒரு கட்டளை. பொதுப் பதிவேடுகளோடு மிதவைப்புள்ளி, கட்டுப்பாட்டுப் பதிவேடுகளும் அதில் பதிகின்றன. இந்த வசதி எல்லாச் செயலிகளிலும் இருந்திருந்தால் மேலே விவரித்த என்எம்ஐ சிக்கல்கள் எழுந்தே இருக்க மாட்டா.

மெய்நிகர் கணினிகளில் டம்ப்பை வெளியிலிருந்தே எடுக்கலாம். ஹைப்பர்வைசர் விருந்தினரை நிறுத்தி, அதன் ஒவ்வொரு கோரின் பதிவேடுகளையும், கட்டுப்பாட்டுப் பதிவேடுகள் உட்பட, தன் பக்கத்திலிருந்து படிக்கும். விருந்தினரின் கெர்னல் எவ்வளவு கெட்டிருந்தாலும் இது நடக்கும். ஆனால் விருந்தினரின் நினைவகத்தையும் பதிவேடுகளையும் ஹைப்பர்வைசரிடமிருந்தே மறைக்கும் ரகசியக் கணினி முறை பரவும்போது இந்த வழி அடைபடுகிறது. ஏஎம்டியின் எஸ்இவி-இஎஸ் முறையில், விருந்தினரிலிருந்து வெளியேறும்போதே பதிவேடுகள் குறியாக்கம் செய்யப்படுகின்றன. வெளியில் இருப்பவருக்கு அவை பொருளற்ற பைட்டுகளே. அங்கே விருந்தினரின் உள்ளிருந்து எடுக்கும் டம்ப் ஒன்றே கதி.

நிர்வாகிகள் சோதிக்க வேண்டியவை

கேடம்ப் அமைக்கப்பட்டிருக்கிறது என்பதும் அது வேலை செய்யும் என்பதும் வேறுவேறு. கீழ்க்காணும் நான்கையும் பராமரிப்பு நேரத்தில் சோதிப்பது அவசியம்.

1. ஒதுக்கிய நினைவகம் போதுமா? சாதனங்கள் பல உள்ள சர்வரில் டிரைவர்களே கணிசமான இடத்தை எடுக்கும். இடம் போதாமல் இரண்டாம் கெர்னலும் விழுந்தால், எழுதிவைத்த பதிவேடுகளைக் கொண்டுசேர்க்க ஆள் இல்லை.

2. லினக்ஸின் அவசரக் கட்டளை வசதியான சிஸ்ஆர்க்யூவால் கெர்னலை வேண்டுமென்றே விழவைத்து, டம்ப் கோப்பு உருவாகிறதா என்று பார்க்க வேண்டும். இது எளிய நிலை மட்டுமே; நலமாக ஓடும் கெர்னல் தானே விரும்பி விழுகிறது.

3. கடினமான நிலையைச் சோதிக்க, காரணம் தெரியாத என்எம்ஐ வந்தால் விழும்படி கெர்னலை அமைத்து, சர்வரின் மேலாண்மைக் கட்டுப்படுத்தி வழியாக என்எம்ஐ அனுப்பிப் பார்க்க வேண்டும். உண்மையில் உறைந்துபோன நாளில் கைகொடுக்கப்போவது இந்தப் பாதைதான்.

4. கிடைத்த டம்ப்பை க்ராஷ் என்ற பகுப்பாய்வுக் கருவியில் திறந்து, எல்லாக் கோர்களின் அடுக்குச் சங்கிலிகளையும் ஒருசேரக் கேட்க வேண்டும். ஏதேனும் ஒரு கோருக்குப் பதிவேடுகள் வரவில்லை என்றால், அந்தக் கோர் எந்த நிலையில் இருந்தது, ஏன் ஒரு விநாடிக்குள் பதில் தரவில்லை என்பதைச் சோதனை நாளிலேயே கண்டறிந்துவிட வேண்டும். டம்ப் கோப்பில் கடவுச்சொற்களும் குறியாக்கச் சாவிகளும் இருக்கக்கூடும் என்பதால், அதைத் திறந்து பார்க்கவும் வெளியே அனுப்பவும் யாருக்கு உரிமை என்பதையும் அன்றைக்கே எழுதிவைத்துவிடுவது நல்லது.